சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடிபெயர்தல்: முடிவெடுக்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

சென்னையை விட்டுத் திருச்சிக்குக் குடிபோவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாடகையில் தொடங்கி வாடகையிலேயே முடிக்கிறார்கள். பதினாறு ஆண்டுகள் நங்கநல்லூரில் குடியிருந்துவிட்டு, மனைவியோடும் பள்ளிக்குப் போகும் மகளோடும் திருச்சிக்கு வந்த நானும் வாடகைக் கணக்கோடுதான் கிளம்பினேன். வந்து சில மாதங்கள் ஆன பிறகே வேறொன்று புரிந்தது. இந்த அளவுள்ள ஊர் நமக்கு நேரத்தைத் தருகிறது. பதிலுக்கு மாற்றுவழிகளை எடுத்துக்கொள்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருச்சி மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 8.47 லட்சம் பேர் இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் சென்னையில் 46 லட்சத்துக்கு மேல். இந்த வேறுபாடு சாலை நெரிசலில் நமக்குச் சாதகமாகவும், வேலை போகும்போது பாதகமாகவும் வெளிப்படும்.

ஆகவே பின்வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன்: இந்த வேலை, இந்தப் பள்ளி, இந்த மருத்துவர், இந்த வீடு கைகொடுக்காமல் போனால், இதே ஊரில் அடுத்து எங்கே போவோம்? சேலத்துக்கோ மதுரைக்கோ போகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கோயம்புத்தூரின் தொழில் பரப்பு அகலமானது. அங்கே போகிறவர்களுக்கு முதல் படியின் கவலை சற்றுக் குறைவு.

முதல் படி: வேலைக்கு அடுத்த வேலையைத் தேடிப் பாருங்கள்

கையில் ஒரு வேலை இருப்பது போதாது. உங்கள் தொழிலில் உங்களை வேலைக்கு எடுக்கக்கூடிய நிறுவனங்கள் திருச்சியில் எத்தனை என்று பெயர் பெயராக ஒரு தாளில் எழுதுங்கள். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு நிறுவனம் கைவிட்டால் அதே பேருந்தில் நான்கு நிறுத்தம் தள்ளி இறங்கி இன்னொன்றில் சேரலாம். திருச்சியில் ஆசிரியர், மருத்துவர், செவிலியர், வங்கி ஊழியர், கணக்காளர் ஆகியோருக்குத் தாள் நிறையும். மென்பொருள் துறையில் நடுநிலைப் பொறுப்பில் இருப்பவருக்குப் பாதித் தாள் நிறைந்தாலே பெரிது. நவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. நகருக்குள்ளும் சிறு நிறுவனங்கள் உண்டு. ஆனால் சென்னைச் சம்பளத்தை அதே அளவில் தரக்கூடியவை எத்தனை என்பதை நேரில் விசாரித்துத்தான் எழுத வேண்டும்.

ஓர் ஊர் ஒரே பெரிய நிறுவனத்தைச் சார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் திருச்சிக்காரர்கள் பட்டே அறிந்தவர்கள். 1960களில் திருவெறும்பூரில் மத்திய அரசின் பெல் நிறுவனக் கொதிகலன் ஆலை வந்ததைத் தொடர்ந்து அதற்கு உதிரி உருக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் சுற்றிலும் வளர்ந்தன. அனல்மின் நிலைய ஒப்பந்தங்கள் குறைந்து பெல்லுக்கு வேலை சுருங்கியபோது, அந்தப் பட்டறைகளும் அவற்றில் வெல்டர்களாக இருந்தவர்களும் சேர்ந்தே முடங்கினார்கள். அவர்களுடைய திறமையில் குறை இல்லை. வேலை கேட்டு ஏற இன்னொரு வாசல் பக்கத்தில் இல்லை.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்பவர்கள் ஒரு காரியத்தைச் செய்யாமல் லாரி பேசக் கூடாது. இப்போதைய ஏற்பாடு எவ்வளவு காலத்துக்கு, அலுவலகத்துக்கு அழைத்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஊர் மாறினால் சம்பளம் மாறுமா என்ற மூன்றையும் மின்னஞ்சலிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிக் குடிவந்து, அவர் மாறிப்போனதும் வாரம் மூன்று நாள் சென்னைக்கு வரச் சொல்லப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கும் குடும்பமாக இருந்தால் இரண்டு தாள்கள் தேவை. ஒருவருடைய தாள் நிறைந்து மற்றவருடையது வெறுமையாக இருந்தால், யாருடைய வேலை விட்டுக்கொடுக்கப்படப்போகிறது என்பதைப் புறப்படும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நடைமுறையில் அது பெண்ணுடைய வேலையாகவே இருக்கிறது. அதை யாரும் முடிவாகச் சொல்வதில்லை, தானாக நடந்தது போல நடந்துவிடுகிறது.

இரண்டாம் படி: மிச்சமாகும் தொகையைச் சரியாகக் கணக்கிடுங்கள்

வாடகை குறையும் என்பது உண்மை. ஆனால் குறைகிற வாடகை அப்படியே மிச்சமாகாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படிக்கான விலக்கின் உச்சவரம்பு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். திருச்சியில் 40 சதவீதம். அத்தோடு, கட்டும் வாடகையில் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த தொகையும் ஒரு வரம்பு என்பதால், வாடகை குறையக் குறைய விலக்கும் சுருங்கும். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. அவர்கள் இந்த விலக்குக் கணக்கை மறந்துவிடலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கோ படியே குறைகிறது: 2024 ஜனவரி முதல் சென்னைக்கு 30 சதவீதம், திருச்சி அடங்கிய அடுத்த வகுப்பு நகரங்களுக்கு 20 சதவீதம்.

கூடும் செலவுகளில் பலரும் எழுத மறப்பது சென்னைப் பயணம். உறவுகள், திருமணங்கள், பழைய மருத்துவர், அலுவலகக் கூட்டம் என்று முதல் ஆண்டில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் போய்வருவீர்கள். எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ரயில் சுமார் நான்கு மணி நேரத்தில் திருச்சிக்கு வந்துவிடுகிறது. இரவில் மலைக்கோட்டை விரைவு ரயிலில் ஏறிப் படுத்தால் விடியும் முன் எழும்பூரில் இறங்கலாம். ஆனால் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, விழாக்காலத்தில் நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து வடசென்னை உறவினர் வீட்டுக்குப் போவது தனிப் பயணம். கார் வைத்திருந்தால் ஏறத்தாழ 330 கிலோமீட்டர் தூரத்துக்கான எரிபொருளோடு சுங்கக் கட்டணங்களையும் சேர்த்து எழுதுங்கள். மே மாத வெயிலில் கூடும் மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; அந்த வெயிலைப் பற்றிப் பின்னர்.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது. அதைவிடப் பெரிய ஆதாயம் பணக் கணக்கில் வராதது: சோழிங்கநல்லூருக்குப் போய்வர நாள்தோறும் செலவான இரண்டரை மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மகள் பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் இருக்கிறேன் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: பள்ளியும் மருத்துவமும்

படிப்பு விஷயத்தில் திருச்சி பயப்பட வேண்டிய ஊர் அன்று. 1883இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வந்த புனித வளனார் கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி, 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகப் பிறந்த என்.ஐ.டி., 2011இல் வந்த ஐ.ஐ.எம். என்று நீண்ட மரபு இருக்கிறது. பள்ளிகளுக்கும் குறைவில்லை. சிக்கல் வருவது இரண்டு இடங்களில்தான். ஒன்று, பன்னாட்டுப் பாடத்திட்டம் போன்ற அரிதானவற்றில் படிக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்பு விரல்விட்டு எண்ணும் அளவே. மற்றொன்று, ஆட்டிசம், பேச்சுத் தாமதம் போன்றவற்றுக்குத் தொடர் பயிற்சி தேவைப்படும் குழந்தைகள். சென்னையில் ஒரு பயிற்சியாளர் சரிவராவிட்டால் அடுத்தவரிடம் போகலாம், இங்கே அடுத்தவருக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை இருக்கும் ஆண்டில் குடிபெயராதீர்கள். இதற்கு விதிவிலக்கு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவத்தில், அன்றாடத் தேவைக்கும் அவசர சிகிச்சைக்கும் ஊரில் நல்ல மருத்துவமனைகள் உள்ளன. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்து பெரிய அளவில் இயங்குகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது நாள்பட்ட அரிய நோய் இருந்தால் மட்டும், இப்போதைய மருத்துவரிடமே “திருச்சியில் யாரிடம் அனுப்புவீர்கள், அவர் ஊரில் இல்லாதபோது வேறு யாரிடம்?” என்று கேளுங்கள். இரண்டாவது பெயரைச் சொல்ல அவர் தயங்கினால், ஆண்டுக்கு எத்தனை முறை சென்னைக்கோ வேலூருக்கோ பயணம் வரும் என்று அப்போதே கணக்கிட்டுவிடலாம்.

நான்காம் படி: மே மாதத்தில் பத்து நாள் தங்குங்கள்

மார்கழிக் காலையில் காவிரிப் பாலத்தின் மேல் நின்று ஊரைப் பார்த்து முடிவெடுப்பது, கல்யாண மண்டபத்தில் பெண்ணைப் பார்த்து முடிவெடுப்பது போல. திருச்சிக்குக் கடற்காற்று கிடையாது. சென்னையிலும் வெயில் கொளுத்தும். ஆனால் பல நாட்களில் பிற்பகலில் கடற்காற்று நுழைந்து சற்றே தணிக்கும். இங்கே கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வெப்பம் இரவிலும் சுவர்களில் தங்கியிருக்கும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் மின்விசிறி அனல் காற்றைத்தான் வீசும். ஆகவே அக்னி நட்சத்திர நாட்களில் பத்து நாளாவது, விடுதியில் இல்லாமல், உறவினர் வீட்டிலோ குறுகிய கால வாடகை வீட்டிலோ தங்கி, வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். இணைய இணைப்பு எத்தனை முறை அறுகிறது, மின்தடை எப்போது வருகிறது, இரவு பத்து மணிக்கு மேல் ஆட்டோ கிடைக்கிறதா, நகரப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதெல்லாம் அந்தப் பத்து நாளில் தெரிந்துவிடும். மெட்ரோ ரயிலுக்குப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே இரு சக்கர வாகனம் ஓட்டத் தெரியாதவர், குறிப்பாக வயதானவர், வீட்டில் இருப்பவரைச் சார்ந்தே இருக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஊர் வென்றுவிடுகிறது. 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததை மறக்காதவர்களுக்கு, காவிரிப் படுகையிலிருந்து எடுத்துக் குழாயில் வரும் நீரின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஐந்தாம் படி: எந்தப் பகுதி?

ஊர் சிறியது, எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று தரகர் சொல்வார். நம்பாதீர்கள். தில்லைநகரில் கடை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் நடை தூரத்தில் கிடைக்கும். வாடகையும் வாகன நெரிசலும் அதற்கேற்ப. கண்டோன்மென்ட் அமைதியானது, விலை கூடியது. கே.கே. நகரும் விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்புகளும் ஓய்வுபெற்றோருக்கும் அடிக்கடி சிங்கப்பூர் போய்வரும் குடும்பங்களுக்கும் ஏற்றவை. 2024 ஜனவரியில் திறந்த புதிய முனையம் அந்தப் பக்கத்து மனை விலையையும் ஏற்றிவிட்டது. திருவெறும்பூர், காட்டூர் பக்கம் வாடகை குறைவு, நகருக்குள் வருவதற்குத் தஞ்சைச் சாலையின் நெரிசலைத் தாண்ட வேண்டும்.

திருவரங்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னையிலிருந்து வருகிறவர்களில் பலர் அதைத்தான் மனத்தில் வைத்து வருகிறார்கள். உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ வாழ்வது வேறு எங்கும் கிடைக்காத அனுபவம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. 1976இல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 இறுதியிலிருந்து 2023 தொடக்கம் வரை சில மாதங்கள் பழுதுபார்ப்புக்காக மூடியபோது, நாள்தோறும் நகருக்குள் வேலைக்குப் போனவர்கள் நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் உங்கள் வீட்டு வாசலுக்கு உங்கள் வாகனமே வர முடியாது. சில வீட்டு உரிமையாளர்கள் சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும் என்று நேராகச் சொல்வார்கள். வேறு சிலர் ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை என்று சுற்றிவளைத்துச் சாதியைக் கேட்பார்கள். இந்தக் கேள்வி திருவரங்கத்துக்கு மட்டும் உரியதன்று, சென்னைக்கும் புதியதன்று. சென்னையில் கதவைச் சாத்தினால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இங்கே அதே தரகரும் அதே விசாரிப்பும் அடுத்த தெருவிலும் தொடரும்.

மழைக்காலத்தை மறந்துவிடாதீர்கள். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி மேற்குப் பகுதிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. வயலூர் சாலை, கருமண்டபம், உறையூர்ப் பக்கங்களில் வீடு பார்க்கும்போது, உரிமையாளரிடம் கேட்காமல் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள்: அந்த ஆண்டு தண்ணீர் எதுவரை வந்தது? அவர் சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார். ஆற்றைப் பார்த்தபடி வீடு என்று விளம்பரத்தில் வரும் படங்கள் ஆடிப்பெருக்குச் சமயத்தில் எடுத்தவையாகத்தான் இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால் வந்து பார்த்தால் பெரும்பாலும் மணலைத்தான் பார்ப்பீர்கள்.

பேருந்து வசதிக்காக மத்தியப் பேருந்து நிலையத்தின் அருகே வீடு பார்க்கச் சொல்லும் பழைய அறிவுரையும் காலாவதியாகிவிட்டது. 2025 ஜூலை முதல் மதுரைச் சாலையில் உள்ள பஞ்சப்பூர்ப் புதிய நிலையம் இயங்குகிறது. வெளியூர்ப் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படுகின்றன.

ஆறாம் படி: வாடகைக்கு மட்டும், குறைந்தது இரண்டு ஆண்டு

வந்த உடனே மனை வாங்காதீர்கள். சென்னை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எல்லாமே மலிவாகத் தோன்றும் மயக்கம் முதல் ஆண்டில் கடுமையாக இருக்கும். அந்த மயக்கத்தில்தான் அங்கீகாரம் இல்லாத மனைகளும், பட்டா தெளிவில்லாத நஞ்சை நிலங்களும் கைமாறுகின்றன. திருவரங்கத்தில் வீடு ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற வழக்குகள் நெடுங்காலமாக நடப்பதால், அங்கே வாங்க நினைப்பவர் வில்லங்கச் சான்றிதழோடு நிற்காமல் வழக்கறிஞரிடம் மூலப்பத்திரத்தைக் காட்ட வேண்டும்.

வாடகைக்கு வரும்போது, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு இது தேவையில்லை என்று சொல்வது பழைய பழக்கம். வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதும் இந்தச் சட்டத்தில் உள்ளது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் தாமாகவே அதை நீட்டிக் கெடுக்க வேண்டாம்.

உங்களுக்குப் புதிதாகத் தோன்றக்கூடியது ஒத்தி. ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இரண்டு, மூன்று ஆண்டு இருந்து, கிளம்பும்போது தொகையைத் திரும்பப் பெறும் முறை. மாத வாடகை மிச்சம் என்பதால் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் உங்கள் பணத்தை வைத்து உரிமையாளர் வேறொரு கடனை அடைக்கிறார் என்பதுதான் பெரும்பாலான ஒத்திகளின் உள்கதை. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, தவணை நின்று, வங்கி ஏலத்துக்கு வந்தால், பதிவு செய்யாத ஒத்திப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் தடுக்க முடியாது. ஒத்திக்குப் போவதானால் வில்லங்கச் சான்றிதழ் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, தொகையை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். பதிவுச் செலவைக் காரணம் காட்டி உரிமையாளர் மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

வீடு பார்க்க ஏற்ற மாதம் ஆடி. அந்த மாதத்தில் பால் காய்ச்ச யாரும் முன்வராததால் காலி வீடுகள் அப்படியே நிற்கும், பேரம் படியும். ஆடியில் முன்பணம் கொடுத்து, ஆவணியிலிருந்து வாடகை என்று பேசி முடிப்பது பல உரிமையாளர்களுக்கு ஒப்புதலே.

ஏழாம் படி: காகித வேலைகள்

எரிவாயு இணைப்பை வேறு ஊருக்கு மாற்ற, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய முகவரிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் மாற்றுச் சீட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும். கிளம்பும் வாரத்தில் செய்தால் சமையல் தடைப்படாது. ஆதாரில் முகவரி மாற்றுவதை முதலில் முடித்தால் குடும்ப அட்டை, வங்கி, காப்பீடு எல்லாம் அதைத் தொடர்ந்து எளிதாகும். வாக்காளர் பட்டியலில் தொகுதி மாறப் படிவம் 8. வாகனத்துக்குத் தமிழ்நாட்டுக்குள் எண் மாற்றத் தேவையில்லை, பதிவுச் சான்றில் முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் தெரிவித்தால் போதும். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள்தான் 12 மாதத்துக்குள் மறுபதிவு செய்ய வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்காமல் லாரியில் ஏறாதீர்கள்.

எட்டாம் படி: திரும்பிப் போகும் வழியைத் திறந்து வையுங்கள்

சென்னையில் சொந்த வீடு இருந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விற்காதீர்கள்; வாடகைக்கு விடுங்கள். தொழில்முறைத் தொடர்புகளை உயிரோடு வைத்திருங்கள். குடிவந்த நாளிலிருந்து ஓராண்டு கழித்து வரும் ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்து, அன்று குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும், பிள்ளைகள் உட்பட, தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் நான் இருக்கலாம் என்றேன். மகள் முதலில் தோழிகளுக்காக அழுதாள், பிறகு சைக்கிளில் தனியே பள்ளிக்குப் போக முடிவதால் சமாதானமானாள். மனைவி பழைய வேலைக்கு இணையான ஒன்றை இங்கே தேட ஓராண்டும் போதவில்லை என்றார். இப்போது மாதத்தில் நான்கு நாள் சென்னைக்குப் போய்வரும் ஏற்பாட்டில் ஒரு வேலையில் இருக்கிறார். மலைக்கோட்டை ரயிலின் கீழ்ப்படுக்கைக்காக அறுபது நாளுக்கு முன்பே காலையில் கைபேசியோடு உட்காருவது என் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தை மூன்றாவது முறையாகப் புதுப்பித்திருக்கிறோம்; மனை இன்னும் வாங்கவில்லை.